குளத்து நீச்சலும் ஆற்றுத் தண்ணியும்: பிள்ளைகளுக்கு ஆபத்தைப் பழக்குவது எப்படி?

"தண்ணிப் பக்கம் போகாதே" என்று பிள்ளையிடம் சொல்வது வறண்ட ஊரில் வேண்டுமானால் செல்லுபடியாகும். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கம் அது நிறைவேற்ற முடியாத கட்டளை. கொல்லையில் ஒரு குட்டை, தெருமுனையில் வாய்க்கால், கோயிலுக்கு எதிரே குளம், பள்ளிக்கூடம் போகிற வழியில் குறைந்தது ஒரு பாலம். குடமுருட்டி, அரசலாறு, வெட்டாறு, வெண்ணாறு, பாமணியாறு என்று காவிரி பிரிந்து பிரிந்து ஓடுகிற மண்ணில் தண்ணீரைத் தாண்டாமல் எந்தப் பக்கம் போவது? பிள்ளை போகத்தான் செய்யும். தடுத்தால் நமக்குத் தெரியாமல் போகும். அப்போது கூட இருப்பவர்கள் அதே வயதுப் பையன்கள் நாலு பேர். கரையில் பெரியவர் யாரும் இருக்க மாட்டார்.

பாதுகாப்பைச் சொல்லால் மட்டும் கற்றுத்தர முடியாது, சிறிய அளவில், பெரியவர் பக்கத்தில் நிற்க, பிள்ளை தன் உடம்பாலேயே ஆபத்தை உணர்ந்து பழக வேண்டும் என்று குழந்தை வளர்ச்சியை ஆராய்பவர்கள் இப்போது அழுத்திச் சொல்கிறார்கள். டெல்டாவில் வளர்ந்த பழைய ஆட்களுக்கு இது புதுச் செய்தி அல்ல. ஆனால் அவர்கள் பழக்கிய விதத்தில் சில ஓட்டைகளும் இருந்தன. அதையும் சேர்த்துத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

கொய்யா மரமும் முருங்கை மரமும்

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். எட்டு வயதுப் பிள்ளை கொய்யா மரத்தில் ஏறுகிறது. கிளை வளையும், எளிதில் முறியாது. உயரம் கண்ணுக்குத் தெரிகிறது. கால் நடுங்கினால் பிள்ளை அங்கேயே நின்றுவிடும், இல்லையென்றால் இறங்கிவிடும். தவறினாலும் பெரும்பாலும் சிராய்ப்போடு போகும். அதே பிள்ளை முருங்கையில் ஏறினால் நிலைமை வேறு. கிளை பார்க்கப் பருமனாக இருக்கும். பாரம் ஏறியதும் முன்னறிவிப்பு இல்லாமல் 'மடக்'கென்று முறியும். அதை ஏறிப் பார்த்துக் கற்றுக்கொள்ள வழியில்லை. பெரியவர் சொல்லித்தான் தெரிய வேண்டும்.

கொய்யா மரத்தில் இருப்பது பிள்ளையால் எடைபோட முடிகிற ஆபத்து. முருங்கையில் இருப்பது ஒளிந்திருக்கிற ஆபத்து. முதல் வகையைப் பிள்ளைக்குப் பழக்க வேண்டும். இரண்டாவது வகையை நாம் அகற்ற வேண்டும், முடியாவிட்டால் வேலி போட வேண்டும், அதுவும் முடியாவிட்டால் பேச்சுக்கே இடமில்லாமல் தடுக்க வேண்டும். இந்த விஷயத்தின் பாதி இந்தப் பிரிவினைதான். குழப்பமும் இங்கேதான் வருகிறது. சிலர் இரண்டையும் ஒரே தட்டில் வைத்து எல்லாவற்றையும் தடுக்கிறார்கள். இன்னும் சிலர் 'நாங்க வளரலையா' என்று இரண்டையும் ஒரேயடியாக விட்டுவிடுகிறார்கள்.

எது எந்த வகை என்று தெரியாவிட்டால் மூன்று கேள்வி கேட்டுப் பாருங்கள். ஆபத்து பிள்ளையின் கண்ணுக்கோ காதுக்கோ கைக்கோ தெரிகிறதா? பாதியில் நிறுத்தித் திரும்பிவர முடியுமா? தவறினால் அடி எவ்வளவு, ஆறுகிற காயமா, ஆறாததா? மூன்றுக்கும் நல்ல பதில் வந்தால் பழக்கலாம்.

மின்சாரம் மூன்றிலும் தோற்றுப்போகும். மோட்டார் கொட்டகையில் தொங்குகிற ஒயரில் கரண்ட் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல முடியாது. தொட்ட பிறகு கையை எடுக்கவும் முடியாமல் போகலாம். 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் கரையைக் கடந்த பிறகு ஊர் ஊராகக் கம்பங்கள் சாய்ந்து கிடந்தபோது, எந்தக் கம்பியில் உயிர் இருக்கிறது, எதில் இல்லை என்று பெரியவர்களுக்கே தெரியவில்லை. பூச்சிமருந்து டப்பா, மூடப்படாத ஆழ்துளைக் கிணறு, வைக்கோல் போருக்குள் இருக்கும் பாம்பு எல்லாமே இந்தக் கணக்கில்தான் வரும். பக்கத்துத் திருச்சி மாவட்டத்தில், மணப்பாறை அருகே 2019 அக்டோபரில் இரண்டு வயதுக் குழந்தை ஆழ்துளைக் கிணற்றில் விழுந்து இறந்ததை நாம் நாள்கணக்கில் தொலைக்காட்சியில் பார்த்தோம். இரண்டு வயதுப் பிள்ளைக்கு எந்தப் பயிற்சியும் அங்கே உதவியிருக்காது. கிணற்றை மூடியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

உடம்பு கற்றுக்கொள்வதும் மறந்துபோவதும்

அமெரிக்க உளவியலாளர் காரென் அடால்ஃப் 1990-களில் கைக்குழந்தைகளை வைத்து ஒரு சோதனை செய்தார். சரிவை ஏற்றவும் இறக்கவும் முடிகிற ஒரு பாதை. தவழ்ந்து நன்றாகப் பழகிய குழந்தைகள் செங்குத்தான சரிவின் விளிம்பில் வந்து நின்றன, கையை நீட்டித் தடவிப் பார்த்தன, பின்வாங்கின. சரிவின் அளவை அவை சரியாகவே கணித்தன. சில வாரங்கள் கழித்து அதே குழந்தைகள் நடக்கத் தொடங்கின. தவழும்போது பின்வாங்கிய அதே சரிவில், இப்போது தயங்காமல் காலை எடுத்து வைத்து விழப் போயின. பிடிக்க ஆள் நின்றதால் அடிபடவில்லை. தவழும்போது கற்ற எச்சரிக்கை நடைக்குக் கூட வரவில்லை. அதை மறுபடி முதலிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

இதை டெல்டாவுக்குக் கொண்டுவந்து பாருங்கள். மன்னார்குடி ஹரித்ரா நதியிலோ திருவாரூர் கமலாலயத்திலோ ஊர்க்குளத்திலோ மே மாதம் முழுக்க நீந்திப் பழகிய பையனுக்குத் தண்ணீர் பயம் போயிருக்கும். அவன் கற்றது நிற்கிற தண்ணீரை. ஜூனில் ஆறு வருகிறது. அவன் அதே தைரியத்தோடு ஓடுகிற தண்ணீரில் குதிக்கிறான். குளத்தில் நீந்தத் தெரிந்தது இங்கே அவனுக்குப் பொய்யான நம்பிக்கையைத்தான் தருகிறது. பழைய பழக்கத்தில் ஓட்டை இருந்தது என்று சொன்னேனே, அது இதுதான். "எங்க புள்ளைக்கு நீச்சல் தெரியும்" என்று சொல்லி நிறுத்திவிடுவோம். எந்தத் தண்ணீரில் தெரியும் என்று யாரும் கேட்பதில்லை.

எச்சரிக்கை என்பது இடத்தோடும் செயலோடும் ஒட்டிக்கொண்டு வருகிற ஒன்று. கத்தியில் கற்றது நெருப்புக்குப் போதாது. குளத்தில் கற்றது ஆற்றுக்குப் போதாது. ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் பழக்கியாக வேண்டும்.

நார்வே நாட்டு ஆய்வாளர் எல்லன் சாண்ட்ஸெட்டர் 2007-இல், பிள்ளைகள் தாமாகவே தேடிப்போகும் ஆபத்தான விளையாட்டுகளை ஆறாகப் பிரித்தார்: உயரம், வேகம், கூரான கருவி, நீரும் நெருப்பும் போன்றவற்றின் அருகாமை, கட்டிப்புரளும் மல்லுக்கட்டு, பெரியவர் கண்ணில் படாமல் தனியே திரிதல். கனடாவின் குழந்தை மருத்துவர் சங்கமும் 2024-இல் இத்தகைய வெளிவிளையாட்டு வளர்ச்சிக்குத் தேவை என்று அறிக்கை வெளியிட்டது. புளியமரம், குரங்குப் பெடல், அருவாமணை, ஆறு, மணலில் சடுகுடு, மாலையில் வரப்பு வழியே ஒற்றையாக ஊர் சுற்றுவது என்று நம் ஊரில் அந்த ஆறு வகைக்கும் ஆளுக்கொரு பெயர் ஏற்கெனவே இருக்கிறது. எல்லாவற்றையும் இங்கே பேசப் போவதில்லை. தண்ணீரைப் பற்றித்தான் அதிகம். இந்த மண்ணில் உயிரை எடுப்பது அதுதான்.

ஆறு வற்றியிருக்கும்போது ஆற்றைக் கற்றுக்கொடுங்கள்

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் 2021-இல் உலகம் முழுவதும் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள். அதில் ஏறக்குறைய கால்வாசி ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள். அந்த வயதுக்குப் பயிற்சி கிடையாது. கைக்கெட்டும் தூரத்தில் ஓர் ஆள், கொல்லைக் குட்டைக்கு ஒரு வேலி, அரைவாளித் தண்ணீரையும் கொட்டிவிடுகிற பழக்கம், இவைதான். மூழ்கும் குழந்தை கத்தும் என்று காத்திருக்கக் கூடாது. மூச்சுக்கே வழியில்லாதபோது சத்தம் வராது. வங்கதேசத்தில் பார்த்தபோது, அம்மாக்கள் வேலையில் மூழ்கியிருக்கும் காலை ஒன்பதிலிருந்து மதியம் ஒன்று வரைதான் சின்னப் பிள்ளைகள் அதிகம் மூழ்குவது தெரிந்தது. அந்த நேரத்துக்காகவே அங்கே குழந்தைகள் காப்பகம் நடத்துகிறார்கள். நடவுக் காலத்தில் நம் ஊர் அங்கன்வாடியின் மதிப்பும் இதில்தான் இருக்கிறது.

ஆறு ஏழு வயதிலிருந்து பழக்கலாம். வங்கதேசத்தின் கிராமங்களிலேயே அதற்கும் நல்ல முன்மாதிரி இருக்கிறது. நம்மூர்க் குளம் மாதிரியான குளங்களில் மூங்கிலால் மேடை கட்டி, ஆழத்தைப் பிள்ளையின் உயரத்துக்குக் கட்டுப்படுத்தி, 'ஸ்விம்சேஃப்' என்ற திட்டத்தில் நீச்சல் கற்றுத்தந்தார்கள். அங்கே இலக்கு பந்தய நீச்சல் இல்லை. 25 மீட்டர் நீந்த வேண்டும், 30 விநாடி மிதக்க வேண்டும், கரையில் நின்றபடியே இன்னொருவருக்கு உதவத் தெரிய வேண்டும். நாலு வயது முதல் பன்னிரண்டு வரையிலான பிள்ளைகளில், கற்றவர்கள் மூழ்கி இறப்பது 90 சதவீதத்துக்கும் மேல் குறைந்ததாக 2012-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. சொரைக்குடுக்கையையும் காய்ந்த நெற்றுத் தேங்காய் இரண்டையும் முதுகில் கட்டி நீச்சல் பழகிய ஊருக்கு மூங்கில் மேடை எட்டாத விஷயமா?

குளத்தில் பழக்கும்போது நீச்சலுக்கு முன்னால் படியைப் பழக்குங்கள். பாசி படிந்த படியில் எப்படிப் பக்கவாட்டில் கால் வைப்பது, தண்ணீருக்குள் இன்னும் எத்தனை படி இருக்கிறது, கடைசிப் படி எங்கே முடிகிறது. பிள்ளையே உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கிக் காலால் தடவி எண்ணட்டும். பிறகு மல்லாந்து மிதப்பது. கை கால் அடிப்பதெல்லாம் அதற்கு அப்புறம். மிதக்கத் தெரிந்த பிள்ளைக்கு யோசிக்க நேரம் கிடைக்கிறது.

ஒரு நாளாவது உடுத்திய துணியோடு நீந்த வைக்க வேண்டும். தவறி விழுகிறவர் டிரவுசரோடு விழுவதில்லை. பள்ளிக்கூட யூனிபார்மோடும் சுடிதாரோடும்தான் விழுவார். இங்கே ஒன்றைச் சொல்லாமல் நகர முடியாது. பையன்களை எப்படியோ குளத்தில் இறக்கிவிடுகிற நாம், பெண்பிள்ளைகளைப் படித்துறையோடு நிறுத்திவிடுகிறோம். துணி துவைக்கவும் குடம் விளக்கவும் அந்தத் தண்ணீருக்குப் பக்கத்தில் அதிக நேரம் இருப்பவள் அவள்தான். நீச்சல் தெரியாமல் அவளை அங்கே அனுப்புவதில் எந்தக் கௌரவமும் இல்லை. கற்றுத்தர அத்தையோ சித்தியோ அக்காவோ முன்வந்தால் ஊர்வாய் தானாக ஓயும்.

இனி ஆறு. மேட்டூர் அணை குறுவைக்காக ஜூன் 12-ஆம் தேதி திறப்பது வழக்கம். நீர் இருப்பைப் பொறுத்து முன்பின் ஆகும். மூன்று நான்கு நாளில் தண்ணீர் கல்லணைக்கு வரும். அங்கிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரியும். வெள்ளம் என்றால் கொள்ளிடத்துக்கும் போகும். கடைமடைக்கு வந்துசேர மேலும் நாளாகும். கோடை விடுமுறையில் பிள்ளைகள் ஸ்டம்பு நட்டு கிரிக்கெட் ஆடிய மணல், பள்ளிக்கூடம் திறந்து கொஞ்ச நாளில் ஆறாகிவிடுகிறது. இடம் அதேதான். அதனால்தான் பிள்ளைக்கு அது பழகிய இடம் என்ற எண்ணம் போவதில்லை.

அந்தப் பழக்கத்தையே நமக்குச் சாதகமாக்கலாம். மே மாதத்தில், ஆறு காய்ந்து கிடக்கும்போது, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஆற்றுக்குள் இறங்கி நடங்கள். வெள்ளம் வந்த பிறகு ஒளிந்துகொள்ளும் எல்லாமே அப்போது வெளியே தெரியும். படித்துறையின் கடைசிப் படிக்குக் கீழே எவ்வளவு பள்ளம். பாலத்தின் தூணைச் சுற்றி மண் எப்படிப் பறிபட்டிருக்கிறது. பழைய பாலத்தின் முளைக்கட்டை எங்கே நிற்கிறது. உடைந்த பாட்டில் எங்கே கிடக்கிறது. கொள்ளிடத்தில் மணல் அள்ளிய குழிகளின் விளிம்பில் நின்று பார்த்தால், முழங்கால் ஆழத்தில் நடந்துவருகிறவர் அடுத்த அடியில் எப்படிக் காணாமல் போவார் என்பதை விளக்கத் தேவையே இருக்காது. தூரத்தில் நின்று காட்டுங்கள். மணல் விளிம்பு சரியும்.

ஆற்றுத் தண்ணீரை ஷட்டர் வைத்து அடைத்துத் திறக்கும் ரெகுலேட்டருக்குக் கீழே இப்படி ஒரு பேச்சு நடக்கலாம்:

"சித்தப்பா, இங்க மட்டும் ஏன் இவ்ளோ பள்ளம்?"

"ஷட்டரத் தூக்குனா தண்ணி எங்க வந்து விழும், சொல்லு பாப்போம்."

"இங்கதான்."

"விழுந்து விழுந்து மண்ணப் பறிச்சுரும். தண்ணி வந்தப்பறம் மேல நின்னு பாத்தா இந்தப் பள்ளம் ஒனக்குத் தெரியுமா?"

"தெரியாது. கலங்கலாத்தான் இருக்கும்."

பையனே சொன்ன அந்தப் பதில் அவனிடம் நிற்கும். அதோடு ஒன்றைச் சேர்த்துச் சொல்லலாம். மேலிருந்து விழும் தண்ணீர் அடியில் போய்த் திரும்பி மேலே வந்து, மறுபடி விழும் இடத்துக்கே சுருண்டு வரும். அதில் மாட்டியவரை அந்தச் சுழல் விடாமல் உருட்டும். நுரைத்த தண்ணீரில் காற்று கலந்திருப்பதால் உடம்பும் சரியாக மிதக்காது. ரெகுலேட்டருக்குக் கீழே குளிப்பது என்பது பழக்குகிற வகை இல்லை, தடுக்கிற வகை. தென்பெரம்பூரில் இருக்கிற பெரிய தலைப்பு மதகானாலும் உங்கள் ஊர்ச் சின்ன மதகானாலும் அதே கதைதான்.

பழக்குகிற வகை வாய்க்காலில் இருக்கிறது. தண்ணீர் வந்த பிறகு, பிள்ளைக்கு முழங்காலுக்கு மேல் போகாத, கரை சரிவாக இருக்கிற ஒரு வாய்க்காலைத் தேர்ந்தெடுங்கள். கீழ்ப்பக்கத்தில் கொஞ்ச தூரத்துக்குக் குழாய்ப் பாலமோ மதகோ இருக்கக் கூடாது. அவை ஆளை உள்ளே இழுக்கும். முதலில் கரையில் நின்று ஒரு பூவரச இலையைத் தண்ணீரில் போட்டு, அதோடு கூடவே நடக்கச் சொல்லுங்கள். இலைக்கு ஈடுகொடுக்க வேகநடை போட வேண்டியிருந்தால் அன்றைக்கு இறங்குவதில்லை. காரணம் இருக்கிறது: உலகின் மிக வேகமான நீச்சல் வீரர்களே விநாடிக்கு இரண்டு மீட்டரைச் சற்றுத் தாண்டுகிறார்கள், அதுவும் குறைந்த தூரத்துக்கு. நம் பிள்ளையின் வேகம் அதில் பாதிகூட வராது. நாம் சாதாரணமாக நடக்கிற வேகத்தில் ஆறு ஓடினால்கூட அதை எதிர்த்து நீந்த முடியாது.

இலை மெதுவாகப் போனால், கையைப் பிடித்தபடி இறங்கட்டும். கணுக்கால் ஆழத்தில் நின்று பார்க்கட்டும், பிறகு கெண்டைக்கால், பிறகு முழங்கால். ஒவ்வொன்றிலும் தள்ளுவது எவ்வளவு என்று கேளுங்கள். ஓட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால் தள்ளும் விசை நாலு மடங்காகும் என்பதைப் பத்தாம் வகுப்பு வரை காத்திருக்காமல் காலே கற்றுக்கொள்ளும். அடுத்து, கீழே ஓர் ஆள் நிற்க, மேலே இருந்து பிள்ளை மல்லாந்து படுத்து, கால் முன்னால் போக, ஐந்தாறு அடி மிதந்து வந்து அவரிடம் சேரட்டும். ஆற்றில் அகப்பட்டால் செய்ய வேண்டியதும் இதேதான். எதிர்நீச்சல் போடக் கூடாது. மல்லாந்து, காலைக் கீழ்ப்பக்கம் வைத்து, ஓட்டத்தோடு போய்க்கொண்டே சாய்வாகக் கரைப்பக்கம் ஒதுங்க வேண்டும். வாயால் நூறு முறை சொன்னாலும் வராத இந்தக் காரியம், வாய்க்காலில் நாலு தடவை செய்தால் உடம்பில் ஏறிவிடும்.

கடைசியாக மீட்பு. கூட வந்தவன் மூழ்கும்போது காப்பாற்றக் குதித்து இரண்டாமவனும் மூழ்குவது மனசை அறுக்கும் செய்தி. ஆனால் அடிக்கடி வரும் செய்தி. கரையில் படுத்துக்கொண்டு மூங்கிலையோ துண்டையோ நீட்டுவது, மூடிய காலி கேனையோ பிளாஸ்டிக் குடத்தைக் கவிழ்த்தோ எறிவது, கத்தி ஆள் கூப்பிடுவது. இதைக் குளக்கரையில் விளையாட்டாகவே நடத்தலாம். அண்ணன் உள்ளே நடிக்கட்டும், தம்பி துண்டை எறியட்டும். எறிந்து பார்த்தால்தான் துண்டு எவ்வளவு தூரம் போகும் என்பது புரியும். முடிச்சுப் போட்டு இரண்டு துண்டை இணைக்கும் யோசனை தம்பிக்கே வரும்.

கத்தியும் கருக்கரிவாளும்

இங்கே அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வீட்டுக்கு வீடு தெரிந்த விஷயம். வெண்டைக்காய், வாழைத்தண்டு என்று மெத்தென்றவற்றில் சின்னக் கத்தியால் தொடங்கலாம். மொட்டைக் கத்தியைக் கொடுப்பதுதான் ஆபத்து. அது வழுக்கும், பிள்ளை அழுத்தும், அப்போதுதான் விரலில் இறங்கும். அருவாமணையில் நறுக்குவதைவிட நறுக்கி முடித்த பிறகுதான் கவனம் வேண்டும். எழுந்திருக்கும் முன் மடக்கவோ சுவரோரம் திருப்பிச் சாய்க்கவோ வேண்டும் என்பதை முதல் நாளே பழக்கிவிடுங்கள்.

1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து, போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் இருந்து பயிற்சி வகுப்பு நடத்திய மரியா மாண்டிசோரி, பிள்ளைகளுக்கு உண்மையான கண்ணாடி டம்ளரையும் பீங்கானையும்தான் கொடுத்தார். உடையாத பாத்திரத்தில் பிள்ளை கவனத்தைக் கற்பதில்லை. நம் வீட்டில் எவர்சில்வர் டம்ளர். கீழே போட்டால் சத்தம் மட்டும்தான் வரும்.

கருக்கரிவாளை இன்று டெல்டாப் பிள்ளைகளே பார்ப்பது குறைவு. அறுவடை மெஷின் வந்துவிட்டது. ஆட்டுக்குப் புல் அறுக்கும் வீட்டில் இன்னும் இருக்கும். பத்து வயதுக்கு மேல், பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து, பிடித்த கைக்குக் கீழே எவ்வளவு இடம் விட்டு அறுப்பது என்று காட்டி, ஒரு கைப்பிடி அளவு அறுக்க விடலாம். கற்றுக்கொடுப்பது வேறு, வேலை வாங்குவது வேறு. இதைப் படித்துவிட்டு யாரும் பிள்ளையைக் கூலிக்கு அனுப்ப வேண்டாம்.

நெருப்பு

கார்த்திகைக்கு மாவலி சுற்றும் ஊர்களில் பிறந்தவர்களுக்கு நெருப்புப் பயிற்சி பண்டிகையாகவே கிடைத்தது. ஆண்பனையின் பூவைக் குழியில் கருக்கி, பொடித்து, துணியில் இறுக்கிச் சுருட்டி, பனைமட்டைக்குள் வைத்துக் கட்டி, கயிற்றில் சுற்றினால் பொறி வட்டமாகப் பறக்கும். அதில் பிள்ளை என்னென்ன கற்றது என்று எண்ணிப் பாருங்கள். கூரைவீட்டுப் பக்கம் சுற்றக் கூடாது, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்க வேண்டும், நைலான் சட்டையைக் கழற்றி வைக்க வேண்டும், மற்றவன் எவ்வளவு தூரத்தில் நிற்கிறான் என்று கணக்குப் போட வேண்டும். யாரும் வகுப்பு எடுக்கவில்லை. கூடவே தாத்தாவோ மாமாவோ நின்றார்.

மாவலி இல்லாத வீட்டில் அகல்விளக்கு போதும். தீக்குச்சியை உடம்புக்கு வெளிப்பக்கமாக உரசுவது, பிடித்த குச்சியைத் தலைகீழாக்காமல் இருப்பது, அணைந்த குச்சியைத் தண்ணீரில் போடுவது. பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர். சுட்டுக்கொண்டால் இருபது நிமிடம் ஓடும் தண்ணீரில் காட்ட வேண்டும். பேஸ்ட், இங்க், நெய் எதுவும் கூடாது. அந்த இருபது நிமிடம் நாம் நினைப்பதைவிட நீளமானது. பிள்ளைக்குக் கதை சொல்லிக்கொண்டே நிற்க வேண்டியிருக்கும்.

நெருப்பைப் பற்றிப் பேசும்போது கும்பகோணத்தைத் தாண்டிப் போக இந்த வட்டாரத்தில் யாராலும் முடியாது. 2004 ஜூலை 16 அன்று, பள்ளியின் சமையல் இடத்தில் பற்றிய தீ கீற்றுக்கூரையில் பரவி 94 பிள்ளைகள் இறந்தார்கள். தீயைப் பற்றி அந்தப் பிள்ளைகள் எவ்வளவு கற்றிருந்தாலும் அது போதியிருக்காது. கூரையும் வழியும் பெரியவர்கள் கையில் இருந்தவை. பிறகுதான் பள்ளிகளில் கீற்றுக்கூரையை அகற்றச் சொன்னது அரசு. ஆபத்தைப் பழக்குவது பற்றி யாராவது ஆர்வமாகப் பேசினால், நான் முதலில் கேட்பது அவர்கள் எதையெல்லாம் அகற்றிவிட்டு இதைப் பேசுகிறார்கள் என்பதுதான்.

வாயில் வரும் சொல்

"பாத்துடா! விழுந்துடாதே!" இதில் எதைப் பார்ப்பது என்ற செய்தியே இல்லை. பதற்றம் மட்டும் போய்ச் சேரும், கைப்பிடி தளரும். அதற்குப் பதில் "அந்தக் கிளை அசையுதா பாரு", "எடது கால அடுத்து எங்க வைக்கப் போற?", "எறங்குறதுக்கு எது வழி?" என்று கேட்டால் பிள்ளையின் கண் தேட வேண்டியதைத் தேடும். கேட்டுவிட்டுக் கொஞ்சம் சும்மா இருக்கவும் வேண்டும். அதுதான் பெரியவர்களுக்குக் கஷ்டம். பிள்ளையை மரத்தில் தூக்கி உட்கார வைக்காதீர்கள். தானாக ஏறிய உயரத்திலிருந்து பெரும்பாலும் தானாக இறங்கத் தெரியும், தூக்கிவிட்ட உயரத்திலிருந்து தெரியாது.

பயப்படுகிற பிள்ளையைக் கேலி செய்வது நம்மிடம் இருக்கும் இன்னொரு கெட்ட பழக்கம். "ஆம்பளப்புள்ள, இதுக்குப் போய் பயப்படுறியே" என்று தள்ளிவிட்டுக் கற்றுத்தந்த நீச்சலைப் பற்றி மாமாக்கள் பெருமையாகச் சொல்வார்கள். அப்படித் தள்ளப்பட்டு இன்றைக்கும் தண்ணீரில் இறங்காதவர்களை யாரும் கணக்கெடுப்பதில்லை. பயம் பிள்ளையின் அளவுகோல். அதை உடைத்துவிட்டால் பிறகு எதைக் கொண்டு அளக்கும்? "இன்னிக்குப் போதும்" என்று பிள்ளை சொன்னால் அன்றைக்குப் போதும்.

ஊர்ப் பேச்சும் இருக்கும். பிள்ளை முட்டியில் சிராய்ப்போடு வந்தால், "என்னம்மா, புள்ளைய இப்படியா விடுவே?" என்று அப்பாயி தொடங்கி அக்கம்பக்கம் வரை கேட்பார்கள். இதற்கு என்னிடம் மந்திரம் எதுவும் இல்லை. அப்பாயியையே கூடக் கூட்டிப்போவது பல வீடுகளில் வேலை செய்திருக்கிறது. வாய்க்காலைப் பற்றி அவருக்குத் தெரிந்தது நமக்குத் தெரிந்ததைவிட அதிகம்.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு: இந்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளையை முன்னால் விட்டு, வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் வரை அதன் பின்னாலேயே நடந்து போங்கள். ரோட்டு வழியாக அல்ல, அவர்கள் உண்மையில் போகிற குறுக்கு வழியாக. எங்கே பயமாக இருக்கும் என்று பிள்ளையே காட்டட்டும். உங்களுக்கே தெரியாத ரெண்டு மூன்று இடம் அதில் வரும். கைப்பிடிச் சுவர் இல்லாத வாய்க்கால் பாலம், மூடி காணாமல் போன போர்க்குழி (ஆழ்துளைக் கிணறு), நாய் இருக்கிற சந்து, தாழ்ந்து தொங்கும் கம்பி. எதை எப்படித் தாண்டுவது என்று அங்கேயே நின்று பேசிக்கொள்ளலாம். பாலத்துக்கும் போர்க்குழிக்கும் ஊராட்சியில் எழுதிக் கொடுங்கள், கிராம சபையிலும் கேளுங்கள். கம்பிக்கு மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம், 94987 94987, இரவிலும் எடுப்பார்கள். கம்பம் எண் கேட்பார்கள், பார்த்துக் குறித்துக்கொண்டு கூப்பிடுங்கள்.